நீலமலைக்குப் பேருந்தில்: முதுகுப்பைப் பயணமும் உதகமண்டலத்தின் வழித்தடங்களும்

ஆய்வுச் சுருக்கம்

காலனிய ஆட்சியில் உருவான மலைநகரங்களைப் பற்றிய ஆய்வுகள் பெரிதும் அவற்றின் கட்டடங்கள், தட்பவெப்பம், குடியிருப்புப் பிரிவினை ஆகியவற்றை மையமாகக் கொண்டவை. அந்நகரங்களுக்கு ஏறிச்செல்லும் வழி தனித்த ஆய்வுப் பொருளாக அரிதாகவே கொள்ளப்படுகிறது. உதகமண்டலத்திற்குச் செல்லும் அரசுப் பேருந்து வழித்தடங்களைக் குறைந்த செலவில் தனித்துச் செல்லும் முதுகுப்பைப் பயணியின் நிலையிலிருந்து இக்கட்டுரை விளக்குகிறது. காலனியப் பதிவுகள் முன்னிறுத்தாத மலைவாழ் ஊர்களை இவ்வழித்தடங்கள் மீண்டும் வழியின் பகுதியாக்குகின்றன என்பதும், இதனைப் புரிந்துகொள்ள ஆற்றுப்படை மரபு, குறிப்பாக மலைபடுகடாம், துணைசெய்கிறது என்பதும் இதன் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: மலைநகரம், நீலகிரி, அரசுப் பேருந்து, முதுகுப்பைப் பயணம், ஆற்றுப்படை, இடப்பெயர்

முன்னுரை

சிம்லா, முசூரி, டார்ஜிலிங், கொடைக்கானல், உதகமண்டலம் எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் மலைகளின்மேல் அமைத்த நகரங்கள் பல. இவற்றைப் பற்றி விரிவாக எழுதியவர்களுள் டேன் கென்னடி குறிப்பிடத்தக்கவர். 1996இல் வெளிவந்த அவருடைய 'தி மேஜிக் மவுண்டன்ஸ்' என்னும் நூல், சமவெளியின் வெப்பத்திலிருந்தும் மக்கள் நெருக்கத்திலிருந்தும் விலகி நிற்க விரும்பிய ஆளும் வகுப்பார் மலைமேல் தமக்கென ஓர் இங்கிலாந்தை அமைத்துக்கொண்டதை விளக்குகிறது. விலகி நிற்றல் என்பதே அந்நகரங்களின் நோக்கம் என்றால், அந்த விலக்கத்தை அளக்கும் கோல் வழிதான். யார் ஏறலாம், எதில் ஏறலாம், எவ்வளவு செலவில் ஏறலாம் என்பவற்றை வழியே முடிவுசெய்தது.

உதகைக்குச் செல்லும் வழிகளுள் மலை இரயில் பாதை பெற்றுள்ள கவனம் வேறெதற்கும் கிடைத்ததில்லை. 2005இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. 'மூன்றாம் பிறை' திரைப்படத்தின் இறுதிக் காட்சியால் கேத்தி இரயில் நிலையம் தமிழர் நினைவில் நிலைத்துவிட்டது. ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் இரயில் நாளொன்றுக்கு ஒன்றே. நீலகிரியில் வாழ்பவர் மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் சந்தைக்கும் சென்று வருவது பேருந்தில். இருக்கை முன்பதிவு கிடைக்காத பயணியும், முன்பதிவு செய்யும் வழக்கமே இல்லாத பயணியும் வந்துசேர்வது அதே பேருந்தில்தான். அழகிய ஒன்றைப் பாரம்பரியம் எனப் போற்றிவிட்டு அன்றாடம் பயன்படும் ஒன்றை ஆய்வுக்குரியதாகக் கருதாமல் விடுவது நம் புலத்தில் புதிதன்று.

முதுகுப்பைப் பயணி: சொல்லும் பொருளும்

சுற்றுலாச் சமூகவியலில் இவ்வகைப் பயணியை வகைப்படுத்தும் முயற்சி எரிக் கோஹனிடமிருந்து தொடங்குகிறது எனலாம். 1972இல் அவர் பயணிகளை நால்வகையாகப் பிரித்தார். நிறுவனங்களின் ஏற்பாட்டில் கூட்டமாகச் செல்வோர், அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே தனித்துச் செல்வோர், தாமே வழி தேடுவோர், எந்த ஏற்பாட்டிலும் அடங்காமல் அலைவோர் என்பன அவ்வகைகள். பின்னிரு வகையினரின் வழித்தோன்றலாகிய பயணிக்கு 'பேக்பேக்கர்' என்னும் பெயரை ஆய்வுலகில் நிலைபெறச் செய்தவர் பிலிப் பியர்ஸ் (1990). செலவைச் சுருக்குதல், பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்துதல், முன்திட்டத்தைத் தளர்வாக வைத்திருத்தல், சக பயணிகளிடமும் ஊர் மக்களிடமும் கேட்டறிந்து செல்லுதல் ஆகியன அப்பயணியின் இயல்புகளாகச் சொல்லப்படுகின்றன.

தமிழ்நாட்டவர்க்கு இவற்றுள் எதுவும் வியப்புக்குரியதன்று. பழனிக்கு நடந்து செல்பவரும், கட்டுச்சோற்றுடன் திருவிழாவுக்குப் புறப்பட்ட நம் முந்தைய தலைமுறையினரும் முதுகிலோ தலையிலோ சுமையுடன் குறைந்த செலவில் சென்றவர்களே. வேறுபாடு நோக்கத்தில் உள்ளது. திருத்தலப் பயணத்தில் சேருமிடம் வழியைவிட உயர்ந்தது. முதுகுப்பைப் பயணத்தில் வழியும் பயணத்தின் பொருளாகிறது. அதனால் 'முதுகுப்பைப் பயணி' என்னும் மொழிபெயர்ப்புச் சொல்லையே இக்கட்டுரை கையாளுகிறது. 'நாடோடி' என்னும் சொல்லுக்கு வேறொரு சமூக வரலாறு உண்டு. அதனை இங்குப் பயன்படுத்துவது முறையாகாது.

ஒன்றை இங்கே தெளிவுபடுத்த வேண்டும். சாதாரணக் கட்டணப் பேருந்தில் முதுகுப்பையுடன் ஏறுபவருக்குச் சிக்கனம் ஒரு தேர்வு. அவருக்கு அருகில் அமர்ந்திருக்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு அது தேர்வன்று. இருவரும் ஒரே பயணச்சீட்டை வைத்திருப்பதனால் இருவரும் ஒரே பயணத்தை மேற்கொள்வதாகக் கொள்ள முடியாது. இவ்வகைப் பயணத்தைப் புகழ்ந்து எழுதப்படும் பல எழுத்துகள் இவ்விடத்தில்தான் வழுக்குகின்றன. பேருந்து இருவரையும் சமமாக்குவதில்லை. ஒருவர் மற்றொருவரைக் காணும் தொலைவில் அமர்த்துகிறது. ஆய்வாளனுக்கு அத்தொலைவு போதுமானது.

மலைபடுகடாமும் மலைவழியும்

மலைவழியை நுணுக்கமாக விளக்கும் பனுவல் தமிழில் முன்பே உண்டு. பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளில் கூத்தர் கூட்டத்தைச் செங்கண்மாத்து நன்னனிடம் ஆற்றுப்படுத்துகிறது. கூத்தராற்றுப்படை என்னும் பெயரும் இதற்கு உண்டு. பரிசில் பெற்று மீள்பவன் எதிர்வரும் கூத்தனுக்கு வழி சொல்லும்போது மன்னனின் புகழோடு வழியின் இடர்களையும் சேர்த்தே சொல்கிறான். பன்றிகளை வீழ்த்த அமைத்த பொறிகள், பாம்புகள், தினைப்புனத்தில் யானையை விரட்டக் கானவர் எறியும் கவண்கற்கள், நீர்நிலையை ஒட்டிய வழுக்குநிலம் எனப் பட்டியல் நீள்கிறது. இரவில் நடக்காமல் குகையில் தங்குமாறும் அறிவுறுத்துகிறான்.

இக்கட்டுரையின் நோக்கில் மூன்று செய்திகள் முதன்மையானவை. முதலாவது, மலைவாழ் மக்கள் அவ்வழியில் விருந்தோம்புபவர்களாக நிற்கின்றனர். இன்னாரிடம் செல்கிறோம் என்று சொன்னால் அவர்கள் குடியிருப்பில் உணவும் தங்கலும் கிட்டும். இரண்டாவது, வழி பிரியுமிடங்களில் செல்லும் நாட்டின் பெயரை அறிவதற்காகக் கல்லில் எழுதி வைத்திருப்பது சொல்லப்படுகிறது. மூன்றாவது, புதியவர்கள் கவர்த்த வழிகளில் புல்லை முடிந்து அடையாளமிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். பின்வருபவருக்காகச் செய்யப்படும் இச்சிறு செயல், வழிகாட்டுதல் என்பது தனியொருவரின் அறிவாக அன்றி வழியில் செல்வோர் அனைவரின் பொதுச் சேமிப்பாக இருந்ததைக் காட்டுகிறது.

மலைபடுகடாம் கூறும் நவிரமலைக்கும் நீலகிரிக்கும் நிலவியல் தொடர்பு எதுவும் இல்லை. பனுவலை வரலாற்றுச் சான்றாக இங்கே கொள்ளவும் இல்லை. வழியை எவ்வாறு வாசிப்பது என்னும் முறையே அதிலிருந்து எடுத்துக்கொள்ளப்படுகிறது: மலைவழி என்பது இரு முனைகளை இணைக்கும் கோடன்று, ஊர்களின் வரிசை. காலனியப் பாதையை இந்த அளவுகோலால் பார்க்கும்போது அதன் இயல்பு தெளிவாகிறது.

தோளில் ஏறிய நகரம்

1819இல் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறினார். அதற்கு முன்பே 1812இல் நில அளவைக்காகவும் 1818இல் வேட்டைக்காகவும் ஆங்கிலேயர் சிலர் அங்குச் சென்றிருந்தனர். 1603இல் மலபாரிலிருந்து வந்த பாதிரியார் பினிசியோ தோடர்களைச் சந்தித்துப் பதிவு செய்தார். இவர்கள் எவருக்கும் மலை ஆளில்லா நிலமாக இருக்கவில்லை. தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் ஆகியோர் வாழ்ந்த, அவர்களுக்குள் பண்டமாற்றும் சடங்குறவும் நிலவிய நிலம் அது. அவர்கள் பயன்படுத்திய ஒற்றையடிப் பாதைகளும் இருந்தன.

1820களின் தொடக்கத்தில் சிறுமுகையிலிருந்து கோத்தகிரியை அடுத்த டிம்ஹட்டிக்கு ஏறும் பாதை அமைந்தது. 1830களின் தொடக்கத்தில், ஆளுநர் லஷிங்டனின் காலத்தை ஒட்டிக் குன்னூர் வழிப் பாதை வந்தது. கோத்தகிரி வழி முந்தையது, குன்னூர் வழி பிந்தையது என்னும் இவ்வரிசை இன்றைய பயணிக்குத் தலைகீழாகத் தோன்றக்கூடும். இன்று கோத்தகிரி வழியே 'மாற்றுப்பாதை' எனப்படுகிறது.

பாதை இருந்தும் வண்டி ஏறாத அக்காலத்தில் ஏற்றத்தின் சுமை மனிதர் தோளில் இருந்தது. 1834இல் தலைமை ஆளுநர் வில்லியம் பெண்டிங்கைச் சந்திக்க வந்த மெக்காலே, சென்னையிலிருந்து பெங்களூரு, மைசூர் வழியாக உதகை வரை பல்லக்கிலேயே வந்தார். அவருடைய உதகை வாசம் பற்றிப் பல நூல்கள் பேசுகின்றன. பல்லக்குச் சுமந்தவர்களின் பெயர் அந்த வரலாற்றில் இல்லை. உடல்நலம் தேறுவதற்காக விடுப்பில் வந்த ரிச்சர்ட் பர்ட்டன் 1851இல் கோவாவையும் நீலமலையையும் பற்றி நூலொன்று வெளியிட்டார். ஆங்கிலேயர் எழுதிய நீலகிரிப் பயண நூல்களுள் ஏளனம் மிகுந்தது அதுவே. அந்த ஏளனம் நகரத்து வெள்ளையர்களையும் விட்டுவைக்கவில்லை என்பது அதனை இன்றும் படிக்கத் தூண்டும் காரணங்களுள் ஒன்று.

1873இல் இரயில் மேட்டுப்பாளையத்தை எட்டியது. 1899இல் குன்னூருக்கும் 1908இல் உதகைக்கும் மலை இரயில் ஏறியது. செங்குத்தான பகுதியில் பற்சட்டத்தைப் பற்றி ஏறும் ஆப்ட் முறை, ஏறத்தாழ 46 கிலோமீட்டர் தொலைவில் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள் என அதன் பொறியியல் வியப்புக்குரியதே. 326 மீட்டர் உயரத்தில் புறப்பட்டு 2,203 மீட்டரில் முடிகிறது அப்பாதை. ஆனால் அதன் நிலையங்களின் வரிசையைக் கவனித்தால் யாருக்காக அது ஏறியது என்பது புலப்படும். வெலிங்டனில் படைமுகாம், அருவங்காட்டில் 1900களின் தொடக்கத்தில் எழுந்த வெடிமருந்துத் தொழிற்சாலை, லவ்டேலில் லாரன்சு பள்ளி, இறுதியில் கோடைத் தலைநகர். படகர் ஊர்கள் செறிந்த கிழக்கு, தெற்குச் சரிவுகளின் பெரும்பகுதி அந்தத் தண்டவாளத்துக்கு வெளியே நின்றது.

பேருந்து வழித்தடங்கள்

1972இல் தமிழ்நாட்டில் தனியார் பேருந்து நிறுவனங்கள் அரசுடைமையாக்கப்பட்ட சூழலில் கோவையைத் தலைமையிடமாகக் கொண்டு சேரன் போக்குவரத்துக் கழகம் தோன்றியது. 1997இல் அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்னும் பெயரைப் பெற்றது. சென்னையிலிருந்து நீலகிரி விரைவு இரயிலில் விடியலில் மேட்டுப்பாளையத்தில் இறங்கும் பயணி, மலை இரயிலுக்குக் காத்திராமல் பேருந்து நிலையம் சென்றால் இரண்டு வழிகள் அவர்முன் உள்ளன. கோவையிலிருந்து மூன்றாவது வழியும் மேற்கிலிருந்து நான்காவதும் உண்டு.

குன்னூர் வழி பலரும் அறிந்தது. கல்லாற்றைக் கடந்ததும் பாக்குத் தோப்புகள் முடிந்து ஏற்றம் தொடங்குகிறது. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண்ணிட்ட பலகை. மேலேறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதையின் முதல் விதி. எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது இரண்டாவது. மிகக் குறுகிய வளைவில் நீண்ட பேருந்து திரும்பும்போது எதிரே வரும் மகிழுந்துகள் தாமாகவே சற்று முன்னரே நின்றுவிடுகின்றன. சைகையாலும் ஒலிப்பானாலும் நடக்கும் இந்த உடன்பாட்டுக்கு எழுத்து வடிவம் இல்லை. புதிதாக மலையேறும் மகிழுந்து ஓட்டுநர் அதனை அறியாதபோதுதான் போக்குவரத்து முடங்குகிறது. பர்லியாரில் பழக்கடைகள். அதற்குமேல் குளிர் தொடங்குகிறது. குன்னூரை நெருங்கும்போது வரும் லாஸ் அருவி, இப்பாதையை அமைத்த லா என்னும் அதிகாரியின் பெயரைத் தாங்கியது. நீர்வீழ்ச்சிக்குச் சாலைப் பொறியாளரின் பெயர் அமைவது உலகில் அரிதாகவே இருக்கும்.

கோத்தகிரி வழி அமைதியானது. அரவேனுவைக் கடந்து கோத்தகிரியை அடைந்து, அங்கிருந்து கட்டபெட்டு வழியாகத் தொட்டபெட்டா மலைமுடியை ஒட்டி உதகைக்கு இறங்குகிறது. கோடைப் பருவத்தில் குன்னூர் வழியை ஏறுவதற்கும் கோத்தகிரி வழியை இறங்குவதற்கும் என ஒருவழிப் பாதைகளாகக் காவல்துறை மாற்றுவது வழக்கம். ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் செல்லும் பயணிக்கு இரு வழிகளையும் காணும் வாய்ப்பு இயல்பாகவே அமைகிறது.

மூன்றாவது வழியே மிகுந்த கவனத்துக்குரியது. கோவையிலிருந்து காரமடை, வெள்ளியங்காடு, முள்ளி, கெத்தை வழியாக மஞ்சூருக்கு ஏறும் பாதையில் 43 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பேருந்துகள் மிகச் சில. இது ஆளுநர்களுக்காக உருவான வழி அன்று. விடுதலைக்குப் பின், கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடாவின் உதவியுடன் கட்டப்பட்ட குந்தா நீர்மின் திட்டத்தோடு வளர்ந்தது. ஓய்வெடுக்க வந்தவர்களின் சாலை ஒன்று, மின்சாரம் எடுக்க வந்தவர்களின் சாலை மற்றொன்று. யானைகள் நடமாடும் காட்டையும் நீர்க்குழாய்கள் இறங்கும் சரிவையும் மின்நிலைய ஊழியர் குடியிருப்பையும் அடுத்தடுத்துக் காட்டும் இப்பேருந்து, நீலகிரியின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றை விளக்க ஏற்ற வகுப்பறை எனத் துணிந்து கூறலாம். மஞ்சூரிலிருந்து உதகைக்கு வேறு பேருந்து பிடிக்க வேண்டும். அது இத்தலார், எமரால்டு வழியாகவோ குன்னூர்ப் பக்கமாகவோ சுற்றிச் செல்லும். அவசரக்காரருக்கு உரிய வழி அன்று.

மேற்கே கூடலூர் தமிழ்நாடு, கேரளம், கருநாடகம் ஆகிய மூன்று மாநிலப் பேருந்துகளும் கூடுமிடம். பந்திப்பூர் வழியே செல்லும் சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை நிலவுகிறது. மிகச் சில பேருந்துகளுக்கே விலக்கு. ஆதலால் மைசூருவிலிருந்து வரும் பயணி காட்டு விலங்குகளின் நேரத்தையும் அட்டவணையில் சேர்த்துக்கொண்டே புறப்பட வேண்டும்.

பெயர்ப்பலகை என்னும் ஆவணம்

உதகை, குன்னூர், கோத்தகிரி பேருந்து நிலையங்களில் ஒரு மணி நேரம் நின்று பலகைகளைப் படித்தால் மாவட்டத்தின் வரலாற்று அடுக்குகள் கண்முன் நகரும். தும்மனட்டி, எப்பநாடு, கக்குச்சி, தூனேரி, நஞ்சநாடு, இத்தலார் போன்றவை ஓரடுக்கு. ஊரைக் குறிக்கும் 'ஹட்டி' என்னும் படகச் சொல் தமிழ்ப் பலகையில் 'அட்டி' என ஒலி மெலிந்து நிற்கிறது. 'நாடு' என்பது படகர்களின் பழைய நிலப்பிரிவை நினைவூட்டுகிறது. தோடர் குடியிருப்பைக் குறிக்கும் 'மந்து' உதகமண்டலம் என்னும் பெயருக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. ஒத்தைக்கல் மந்து என்பதே அதன் மூலம் எனப் பலரும் கருதுவர். வடமொழிச் சாயலில் 'உதகம்' எனப் பிரித்துப் பொருள் காண்பது பிற்காலத்தது எனல் பொருந்தும்.

அடுத்த அடுக்கு வெலிங்டன், லவ்டேல், எமரால்டு, சேரிங்கிராஸ். அதற்கடுத்து விடுதலைக்குப் பிந்தையவை. படச்சுருள் தயாரித்த அரசுத் தொழிற்சாலை மூடப்பட்ட பின்னும் எச்.பி.எஃப். என்பது இடப்பெயராக நிலைத்திருக்கிறது. 'டான்டீ' என்னும் பெயர் 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தை நினைவூட்டுவது. இலங்கையின் மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக அவ்வொப்பந்தம் கூறியது. அவ்வாறு வந்தவர்களுள் ஒரு பகுதியினருக்கு வேலையளிக்க 1968இல் நீலகிரியில் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் திட்டமே பின்னர் டான்டீ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. ஒரு மலையிலிருந்து மற்றொரு மலைக்கு வந்த அவர்களுடைய வரலாற்றை உதகையின் சுற்றுலா வழிகாட்டி ஏடுகளில் தேடுவது வீண். கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பேருந்துகளில் இருக்கை பகிர்ந்தால் அவர்களின் பேச்சிலேயே அது கேட்கும்.

கவர்த்த வழியில் பெயர் எழுதிய கல்லை மலைபடுகடாம் சொன்னதை இங்கே நினைவுகூரலாம். பேருந்துப் பலகை அந்தக் கல்லின் தொழிலைத்தான் செய்கிறது. நடத்துநரிடமும் அருகில் நிற்பவரிடமும் கேட்டே பயணம் நடப்பதால் புல்முடியும் இன்னும் இருக்கிறது எனலாம். திறன்பேசியின் வரைபடம் இவ்வூர்ப் பேருந்துகளின் நேரத்தை நம்பத்தக்க வகையில் தருவதில்லை. 'ரெண்டேகால் வண்டி போயிடுச்சு, இனி மூணே முக்கால்தான்' என்று தேநீர்க் கடைக்காரர் சொல்வதே அட்டவணை.

ஏரியின்மேல் இறங்குதல்

உதகைப் பேருந்து நிலையத்தில் இறங்கும் பயணி உண்மையில் ஏரிக்குள் இறங்குகிறார். சல்லிவன் 1820களில் உருவாக்கிய ஏரி இன்றிருப்பதைவிடப் பெரிது. அதன் ஒரு பகுதியைத் தூர்த்த நிலத்தில்தான் குதிரைப் பந்தயத் திடலும் பேருந்து நிலையமும் அமைந்துள்ளன. ஆங்கிலேயரின் பங்களாக்கள் சரிவுகளிலும் மேடுகளிலும் எழ, கடைத்தெருவும் உழைப்போர் குடியிருப்பும் தாழ்நிலத்தில் நெருங்கின. பேருந்து சேர்வது அந்தத் தாழ்நிலத்தில். நகரத்தின் உயரப் படிநிலையை நூலில் படிப்பதற்கு முன் முதுகுப்பையுடன் ஏறும் கால்களே உணர்ந்துவிடுகின்றன.

1829இல் அடிக்கல் நாட்டப்பட்ட புனித ஸ்டீபன் ஆலயத்தின் மர உத்தரங்கள் சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. வீழ்த்தப்பட்ட அரசின் அரண்மனை மரத்தை மலைமேல் ஏற்றிய உழைப்பைப் பற்றி ஆலயத்தில் நிற்கும்போது எண்ணிப் பார்ப்பவர் குறைவு. பல்லக்கும் அதே மலையில்தான் ஏறியது. 1848இல் மெக்கைவரின் பொறுப்பில் உருப்பெறத் தொடங்கிய தாவரவியல் பூங்காவுக்குமேல் தோடர் மந்து ஒன்று உள்ளது. பூங்காவின் நீட்சியாக அதனையும் ஒரு காட்சிப் பொருளாகக் கண்டு திரும்பும் வழக்கம் நெடுங்காலமாக நிலவுகிறது. அவ்வூரை ஊராகக் காண்பதற்கு அதற்கு வெளியே, தோடர்களும் படகர்களும் சந்தைக்கு வந்து திரும்பும் வண்டிகளில் அமர்வதே பொருத்தம் என்பது கட்டுரையாளரின் கருத்து.

வண்டிகளை எண்ணுதல், மனிதரை எண்ணுதல்

சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 ஏப்ரல் முதல், கோடைப் பருவத்தில் நீலகிரிக்குள் வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள் என வரம்பும் விதிக்கப்பட்டது. உள்ளூர் வாகனங்களுக்கும் விளைபொருள் ஏற்றும் வாகனங்களுக்கும் அரசுப் பேருந்துக்கும் இரயிலுக்கும் இது பொருந்தாது. ஒரு காலத்தில் பேருந்தில் வருவோரைக் கூட்டம் எனக் குறைகூறிய நகரத்தில், இன்று சட்டத்தின் பார்வையில் தடையின்றி ஏறத்தக்கவர் பேருந்துப் பயணியே.

மலையின் தாங்குதிறனை வாகன எண்ணிக்கையால் அளக்கும் இம்முறையில் ஒரு சிக்கல் உண்டு. நால்வர் வரும் மகிழுந்தும் ஒருவர் வரும் மகிழுந்தும் வரம்பில் ஒன்றாகவே எண்ணப்படும். ஐம்பது பேரை ஏற்றிவரும் அரசுப் பேருந்து எண்ணிக்கையில் இல்லை. இது பேருந்துக்குச் சாதகமானதே. ஆயினும் தடுக்கப்பட்ட மகிழுந்துப் பயணிகள் பேருந்துக்கு மாறினால் கூடுதல் நெரிசல் யார்மேல் விழும் என்னும் வினா எழுகிறது. கோடையில் முதுகுப்பைகள் நிறைந்த வண்டியில் நிற்க இடமின்றிப் போவது பள்ளி முடிந்து ஊர் திரும்பும் சிறுமிக்கும், மகளிர் கட்டணமில்லாப் பயணம் 2024இல் மலைப் பகுதிக்கும் விரிவானதால் பேருந்தை நம்பத் தொடங்கிய தோட்டத் தொழிலாளிக்குமே. பருவகாலக் கூடுதல் பேருந்துகள் மேட்டுப்பாளையம் – உதகை முதன்மைத் தடத்தில் மட்டும் ஓடினால் போதாது; பயணியும் ஊராரும் ஒன்றாக ஏறும் கிளைத் தடங்களிலும் அவை வேண்டும். அதற்குத் தடவாரியாகவும் நேரவாரியாகவும் பயணிகளை எண்ணும் களஆய்வு தேவை. சமூகவியலாரோடு தமிழ்த்துறையினரும் இதில் இணையலாம். இடப்பெயர், வாய்மொழி வழிகாட்டல், பன்மொழிப் பேச்சு ஆகிய மூன்றும் ஒரே வண்டியில் கிடைக்கும் களம் வேறு எளிதில் வாய்ப்பதில்லை.

இத்தகைய ஆய்வைத் தொடங்குவோர்க்கு நடைமுறைக் குறிப்புகள் சில. நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிக் குடிநீர்ப் புட்டிகளுக்குத் தடை உண்டு. சொந்தக் குடுவை வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மண்சரிவால் பாதைகள் அடைபடக்கூடும். 2009 நவம்பரில் குன்னூர், கேத்திப் பகுதிகளில் சாலையும் தண்டவாளமும் ஒருங்கே துண்டிக்கப்பட்டன. பெரிய பைக்குச் சுமைச்சீட்டு கேட்கப்படலாம். எல்லாவற்றினும் முதன்மையாகக் கருதத்தக்கது இரவு தங்கல் வண்டி. மாலையில் நகரத்திலிருந்து கடைசியாகப் புறப்பட்டு ஊரின் எல்லையில் இரவு நின்று, ஓட்டுநரும் நடத்துநரும் அங்கேயே உறங்கி, விடியலில் முதல் நடையாகத் திரும்பும் வண்டி அது. அதில் ஏறிச்சென்றவர் அன்றிரவு அவ்வூரில்தான் தங்க வேண்டும். ஆகவே ஏறுவதற்கு முன்பே அவ்வூரில் யாரையாவது அறிந்திருக்க வேண்டும்.